நான் இனிப்பு சாப்பிடவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் நான் இனிப்பு எதுவும் சாப்பிடவில்லை. லட்டு இல்லை, ஜிலேபி இல்லை, டீயில் சர்க்கரைகூட இல்லை. இதை அங்கே இருந்தபோது நர்ஸிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், வார்டு பெருக்கும் ஆயாவிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. வீடு திரும்பிய பிறகும் பார்க்க வருகிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி இதைத்தான் அடுத்ததாகக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டர்னர். லேத் இயந்திரத்தில் இரும்பைச் சுழலவிட்டு, அளவு பிசகாமல் கடைந்து எடுக்கிற வேலை. வீடு ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு. மனைவி ரேணு. ஒரே மகளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வியாதி முதலில் கண்ணில் தெரிந்தது. அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரில் இருக்கிற கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கின. நான் கடைந்து கொடுத்த துண்டுகள் அளவு தவறித் திரும்பி வந்தன. தாகம் வேறு. கம்பெனியில் வைத்திருக்கும் மண்பானைக்கும் கழிவறைக்கும் நடந்ததில் பாதி ஷிப்டு போயிற்று. போர்மன் திட்டிக்கொண்டே கம்பெனி டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் சோதித்துப் பார்த்து, "சர்க்கரை வியாதிப்பா" என்றார்.

அவர் புரியும்படிதான் சொன்னார். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்று ஒரு சுரப்பு வேண்டும். அது குறைந்தாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ, சர்க்கரை ரத்தத்தில் தேங்கி சிறுநீரில் வழிந்து போகும். உடம்பு சோற்றுக்கு நடுவே பட்டினி கிடக்கும். மாத்திரை கொடுத்தார். சர்க்கரை, வெல்லம், கிழங்கு வேண்டாம், சோற்றைக் குறை, பழம் பார்த்துச் சாப்பிடு என்றார்.

இந்தப் "பார்த்து" என்கிற வார்த்தை எங்கள் தெருவுக்குள் நுழைவதற்குள் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. பழமா, தொடாதே என்றார் எதிர்வீட்டுக்காரர். தக்காளியும் பழம்தானே என்றாள் அவர் மனைவி. எலுமிச்சை ரத்தத்தைக் கெடுக்கும் என்று ஒருவர், கீரை ஆகாது என்று இன்னொருவர். கொய்யா, நெல்லி எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேறின. இவர்களில் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனால் எல்லாருக்கும் அதைப்பற்றித் தெரிந்திருந்தது. கடைசியில் எனக்கு மிஞ்சியது கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் மோரும்தான். ரேணுவும் அதையேதான் சாப்பிட்டாள்.

"உனுக்கு இன்னா கேடு? நீ சோறு துன்னேன்" என்றேன்.

"நீ களிய முழுங்கிகினு குந்திகினு இருக்க சொல்ல, எனுக்கு மட்டும் சோறு எறங்குமா? சும்மா கெட."

இப்படியே மாதங்கள் ஓடின. அதற்குள் இன்னொன்று வந்தது. அதற்கு என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. காலையில் கண் விழித்ததும் நெஞ்சின்மேல் யாரோ இரும்புப் பாளத்தை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். எழ முடியும், எழுவதற்குக் காரணம் தெரியாது. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அங்கேயே இருப்பேன். சாக வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. யாராவது வந்து, "நீ இனிமேல் இல்லை" என்று சொல்லியிருந்தால் சரி என்று கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். மகள் குழந்தையோடு வந்து போனாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எப்போது இறக்கிவிடலாம் என்று இருந்தேன். வேலைக்குப் போவது நின்றது.

இதற்கும் தெரு வைத்தியம் சொன்னது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. சினிமாவுக்குப் போ. காலையில் ஏரிக்கரையில் நட. ரேணுவின் தம்பி தேவராஜ் என்னைத் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் வேப்பிலை அடித்துக் கூட்டிவந்தான். வழியெல்லாம், "இன்னா மாமா, இப்ப எப்டி கீது? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நல்ல பிள்ளை. அவனுக்குப் பதில் சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை.

கடைசியில், மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற வேலையே எனக்குப் பெரிதாகிவிட்டது. விட்டுவிட்டேன். ஒருநாள் காலை வாந்தி தொடங்கியது. மூச்சு வேகவேகமாக வாங்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை. தேவராஜ் ஓடிப்போய், பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிக்கொண்டு போன ஒரு வேனை மறித்துப் பிடித்து வந்தான். பூக்கூடைகளுக்கு நடுவே என்னைக் கிடத்தி ஏற்றியதைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரி ஒப்பாரியே வைத்துவிட்டாளாம். ரேணு வேனிலிருந்து இறங்கிப்போய் அவளைத் திட்டிவிட்டு வந்து ஏறினாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்துத் தொழிலாளர்களைச் சேர்க்கிற ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றி, இன்சுலினை ஊசியாகப் போட்டு என்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் எனக்குக் குறை கிடையாது. மற்றதெல்லாம் பிறகு வந்ததுதான்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் நாயுடு. பூந்தமல்லியில் பூக்கடை வைத்திருப்பவர். சர்க்கரை வியாதிக்காரர், காலில் ஆறாத புண். வந்த அன்றைக்கே என்னை அண்ணாத்தே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், இத்தனைக்கும் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

அங்கே எங்கள் வாழ்க்கையை நடத்தியது ஒரு சோதனைக் குழாய். கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் கொஞ்சம் ஊற்றுவார்கள். அதில் நம் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போக அதிகம். நிறத்துக்குத் தக்கபடி இன்சுலின் அளவு கூடும், குறையும். ரத்தம் எடுத்துப் பார்ப்பது எப்போதாவதுதான். குழாய் சோதனை தினமும், சாப்பாட்டு வேளைக்கு வேளை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் முதலில் கட்டிலில் தொங்கும் அட்டையில் நிறத்தைப் பார்ப்பார். பிறகு நேரம் இருந்தால் முகத்தைப் பார்ப்பார்.

எனக்கு நீலம் வந்தது. எல்லாருக்கும் திருப்தி. நான் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன்.

"நீலமா இருக்கே, அப்புறம் என்ன கவலை? சிரிச்ச முகமா இருக்கணும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பெரிய டாக்டர் போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் வந்த சின்ன டாக்டரம்மா போகவில்லை. படிப்பு முடித்து வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சாப்பாடு ருசிக்குதா? தூக்கம் வருதா? யாரையாவது பார்க்கணும்னு தோணுதா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தபோது என் பல்லைப் பார்த்தார். ஈறு வீங்கி, பற்களின் ஓரமெல்லாம் ரத்தம். தொடையில் அடிபடாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள் இருந்தன. வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ரேணுவிடம் கேட்டார். ரேணு பட்டியலை ஒப்பித்தாள். மிகச் சின்னப் பட்டியல்.

"பழம், காய், கீரை எதுவுமே இல்லையா?"

"சக்கரைக்கு ஆவாதுன்னாங்க டாக்டரம்மா."

"யார் சொன்னது?"

"தெருவே சொல்லிச்சு."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை இவற்றில் வைட்டமின் சி என்ற சத்து இருக்கிறது. அது அடியோடு இல்லாமல் போனால் ஈறு ரத்தம் கசியும், புண் ஆறாது, உடம்பு துவளும் என்று விளக்கினார். முன்காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போனவர்களுக்கு வந்த வியாதியாம். பருத்திப்பட்டில் உட்கார்ந்துகொண்டே எனக்கு வந்துவிட்டது.

"இது குறைஞ்சா மனசும் சோர்ந்துபோகும்னு சில டாக்டர்கள் நினைக்கறாங்க. உறுதியாத் தெரியாது. உங்களுக்கு வந்திருக்கறதுக்கு மனச்சோர்வுன்னு பேரு. அது சோம்பேறித்தனம் இல்லை, பேயும் இல்லை. மாத்திரை தாராளமாவே தர்றேன், பார்ப்போம். ஈறு எப்படியும் சரியாயிடும். மனசு தெளியலைன்னா அதுக்கான டாக்டர்கிட்ட அனுப்பறேன்."

ரேணுவின் ஈறையும் பார்த்தார். அதிலும் ரத்தம். "நீங்களும் சாப்பிடுங்கம்மா" என்று அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்.

வெள்ளை மாத்திரை. நாக்கில் பட்டால் புளிக்கும். நாளுக்கு நான்கு வேளை. முதலில் ஈறில் ரத்தம் நின்றது. பிறகு ஒரு காலை, நாயுடுவின் குறட்டை என்னை எழுப்பியது. அதுவரையிலும் அவர் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்; எனக்குக் கேட்டதில்லை. மனுஷர் இப்படியா குறட்டை விடுவார் என்று எரிச்சல் வந்தது. கஞ்சியில் உப்பில்லை என்று தெரிந்தது. ரேணுவிடம், "ஊட்ல கோழிங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன். அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் குழாயில் பச்சை வந்தது.

மறுநாள் மஞ்சள். அதற்கடுத்த நாளும் மஞ்சள். வார்டு சிஸ்டர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டிப்பான அம்மாள், கிருஷ்ணாயில் கேன் மாதிரி கனமான குரல்.

"ஏகாம்பரம், என்ன சாப்பிட்டீங்க?"

"நீங்க குடுத்த கஞ்சிதான் சிஸ்டர்."

"அதுக்கு மேல?"

"ஒண்ணியும் இல்ல."

"முகம் தெளிஞ்சிருக்கு, பேச்சு வந்திருக்கு, சர்க்கரையும் ஏறியிருக்கு. ஸ்வீட் சாப்பிடறவங்களுக்குத்தான் இப்படித் திடீர்னு சந்தோஷம் வரும்."

எனக்கு மனம் கொஞ்சம் தேறியதே திருட்டுக்குச் சாட்சியாகிவிட்டது! தலையணையைப் பிரித்துப் பஞ்சுக்குள் கைவிட்டுத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில் ஆயா துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். பக்கத்தில் நாயுடுவின் வாசனைப் பாக்குப் பொட்டலம் அகப்பட்டது. "இதிலே இனிப்பு இருக்குமே" என்று அதையும் பறிமுதல் செய்தார்கள். நாயுடு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. வாயிலில், ரேணு தனக்காகக் கொண்டுவரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, குழம்பைக் கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். தேவராஜ் வந்தபோது அவன் சட்டைப்பையையும் தடவிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் வாயிலோடு நின்றுவிட்டான்.

இதெல்லாம் போகட்டும். ஒருநாள் மதியம் ரேணு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, மெல்லக் கேட்டாள்: "மெய்யாலுமே சொல்லுயா. எதுனா வாங்கித் துன்னியா?"

"நீயுமா?"

"கேக்கக்கூடாதா? கலரு ஏறிகினே போவுதே."

"போ. எழுந்து போ. தூக்க எடுத்துகினு போ. நாளைக்கு வராத."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மஞ்சள் இறங்காததால் இன்சுலினைக் கூட்டினார்கள். மேலும் கூட்டினார்கள். இன்சுலின் என்பது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத்தான் இறக்கும். இறக்குவதற்கு அங்கே அதிகமாக இல்லாவிட்டால், இருக்க வேண்டியதையும் இறக்கிவிடும். மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் போகும். இதெல்லாம் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது, கை நடுங்குகிறது என்பது மட்டும்தான். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. எழுந்து வராந்தாவுக்குப் போனேனாம். அங்கே நின்றுகொண்டு, ஷிப்டு முடிந்துவிட்டது, மெஷினை நிறுத்து என்று நாயுடுவைப் பார்த்துக் கத்தினேனாம்.

"இந்த ஆளுக்கு மன்சு கொழம்பிப்போச்சு. அத்தான் மொதல்லேந்தே சொவத்த பாத்துகினு கெடந்தாரே" என்று ஆயா சொன்னாளாம்.

நாயுடு புண் காலோடு நொண்டி நொண்டி வந்து என்னைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அலறியிருக்கிறார். சிஸ்டர் என் கையைத் தொட்ட உடனே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்து என் வாயில் புகட்டினார். நான் துப்பினேனாம். "ஸ்வீட் துன்னமாட்டேன், துன்னமாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டேனாம். டாக்டரம்மா வந்து நரம்பில் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்து ஆள் அடையாளம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

இதற்குப் பிறகாவது அந்தக் குழாயைச் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தேன். பெரிய டாக்டர் வந்தார். அட்டையைப் பார்த்தார்.

"திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிட வேண்டியது. மாட்டிக்குவோம்னு பயந்து வேளைச் சாப்பாட்டை ஒதுக்க வேண்டியது. இப்படி ஏறி இறங்கினா இதுதான் ஆகும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரேணு எழுந்துவிட்டாள்.

"இன்னா சார் பேசறீங்க? அந்த மன்சன் சாவ கெடந்து வந்துகீறாரு. வாயிலாண்ட எங்க ஊட்டு கொழம்ப கலக்கிப் பாத்தீங்க. தலகாணிய கிழிச்சீங்க. எதுனா கெடச்சுதா? மன்சன சந்தேகப்பட்டீங்களே, ஒரு தபா அந்த நீலத் தண்ணிய சந்தேகப்பட்டீங்களா? அது கெட்டுப்போயிருந்தா?"

"அம்மா, அதெல்லாம் கெட்டுப்போகாது."

"அப்போ என்னுத ஊத்தி காச்சிப் பாருங்க. எனுக்கு சக்கரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது நீலமாவே இருந்துச்சுன்னா நான் வாய மூடிகினு போறேன்."

சிஸ்டரின் மேசையில் இருந்து ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு விடுவிடென்று கழிவறைப் பக்கம் போனாள். திரும்பி வந்து மேசைமேல் வைத்தாள். பெரிய டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார், டாக்டரம்மா நின்றுகொண்டார். இவள் வாயை அடைப்பதற்காகவே சிஸ்டர் விளக்கை ஏற்றினார். நாயுடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

நீலம் பச்சையாயிற்று. பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாயிற்று.

சிஸ்டரின் குரல் முதல்முறையாக இறங்கியது. "அம்மா... உங்களுக்கும் சர்க்கரை இருக்கு."

ரேணு என் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாள் அழாதவள் அப்போது அழுதாள். "ரெண்டு பேருக்கும்னா யாரு யார பாத்துக்கறது?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விளக்கையும் குழாயையும் தூக்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். எழுந்திருக்கத்தான் தெம்பு இல்லை.

டாக்டரம்மா மட்டும் அந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு இன்சுலினைக் குறைத்துப்போடச் சொன்னார். மறுநாள் காலை, வெறும் வயிற்றில் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வந்தது. ரேணுவுக்குச் சர்க்கரை வியாதி இல்லவே இல்லை. எனக்கோ, கட்டுக்குள் இருந்தது. குழாயில் மஞ்சள் வருகிற அளவுக்கு எங்கேயும் இல்லை.

"ரத்தத்தில இல்லாத சர்க்கரை சிறுநீரில எங்கேருந்து வரும்? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"ஊட்ல களி. இங்க அவுருக்கு கஞ்சி" என்று யோசித்த ரேணு, "அப்பால நீங்க குடுத்த புளிப்பு மாத்தர" என்றாள்.

டாக்டரம்மா அந்த வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்துப் பொடித்தார். குடிதண்ணீரில் கரைத்தார். அதை நீலத் திரவத்தில் விட்டு விளக்கில் காட்டினார். சிறுநீர் இல்லை, சர்க்கரை இல்லை, நான் இல்லை, ரேணு இல்லை. வெறும் தண்ணீரும் மாத்திரையும். எங்கள் கண் முன்னாலேயே அது ஆரஞ்சாக மாறியது.

நாயுடு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்போ என் பாக்குப் பொட்டலத்த திருப்பிக் குடுங்க" என்றார்.

விஷயம் இதுதான். அந்த நீலத் திரவத்தில் இருப்பது ஒரு செம்பு உப்பு. சர்க்கரை அதன் நிறத்தை மாற்றும். வைட்டமின் சி-யும் மாற்றும். அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பு தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். குழாய்க்கு யார் நிறத்தை மாற்றினார்கள் என்று தெரியாது. குழாயைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் தன் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்தார். நம்பாமல் இன்னொருமுறையும் செய்தார். பிறகு, "அந்த வைட்டமினை நிறுத்துங்க" என்றார்.

"சார், அதைச் சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் இவர் தேறியிருக்கார்" என்றார் டாக்டரம்மா.

"ஈறு தேறியிருக்கு. சரி. மனசு தேறினதை எந்த டெஸ்ட்ல பார்த்தீங்க?"

இதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "என்னிய கேளுங்க சார்!" என்றேன். "இம்மா நாளா இந்தக் கட்டில்ல படுத்துகினு கீறேன். மூத்திரத்த கேட்டீங்க, ரத்தத்த கேட்டீங்க, தலகாணிய கேட்டீங்க. பக்கத்துல படுத்துகினு கீற என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, டாக்டரம்மாவைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். முடிவில், மாத்திரையை நிறுத்தவில்லை, வெகுவாகக் குறைத்தார்கள். சர்க்கரைக்கு ரத்தத்தை மட்டும் நம்புவது என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்கள். இன்சுலின் குறைந்தது. கீரையும் நெல்லிக்காயும் ஒரு துண்டு கொய்யாவும் சாப்பாட்டில் சேர்ந்தன. சிஸ்டர் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிரித்த தலையணையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துக் கொண்டுவந்து போட்டார். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்தேன். இப்போது தெருவில் புதுத் தொல்லை. ஏகாம்பரத்துக்குப் பைத்தியமே ஏதோ புளிப்பு மாத்திரையில் தெளிந்ததாம் என்று பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் முழங்கால் வலிக்கு அதை வாங்கித் தின்கிறார். அவர் மனைவி, மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று அவனுக்கும் கொடுக்கிறாள். எலுமிச்சை ரத்தத்தைக் கெடுக்கும் என்று சொன்னவர் காலையும் மாலையும் எலுமிச்சை பிழிந்து குடிக்கிறார்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். வைட்டமின் சி மனச்சோர்வைத் தீர்க்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது, அவர் அப்படியேதான் சொல்கிறார். எனக்கு அந்தச் சத்து அடியோடு தீர்ந்துபோயிருந்தது. கொடுத்ததும் ஏதோ திறந்துகொண்டது. அதே நாட்களில் இன்சுலினும் ஏறியது, வேளைக்குச் சாப்பாடும் கிடைத்தது, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சும் கொடுத்தார். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் அந்த இரும்புப் பாளம் திரும்ப வந்தது, புளிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும். டாக்டரம்மா சொன்னபடியே மனநோய் டாக்டரிடம் அனுப்பினார். அவர் கொடுத்த மருந்தில் வாய் உலர்ந்தது, தூக்கம் வந்தது, மெல்ல மெல்லப் பாளமும் நகர்ந்தது. இப்போது லேத்துக்குத் திரும்பிவிட்டேன். கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

போன மாதம் வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போயிருந்தோம். வழக்கம்போல நீண்ட பெஞ்சு, வழக்கம்போலக் காத்திருப்பு. சின்ன டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். பெரிய டாக்டரே பார்த்தார். என் ரத்தச் சோதனைச் சீட்டு அவர் மேசைமேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க ஏகாம்பரம். மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் குமுறியிருக்கிறேன்! கேட்டுவிட்டார். நன்றாக இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றாலும் பொய். மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் அத்தனை பேர் காத்திருந்தும் அவர் அவசரப்படவில்லை.

ரேணுதான் பேசினாள். "நல்லா கீறாரு சார். சண்ட போடறாரு."

"சண்டையா?"

"முன்னல்லாம் கோழி வந்து இவரு தட்டுலயே கொத்தினா பாத்துகினே குந்திகினு இருப்பாரு. இப்போ கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா போச்சுன்னா சண்ட. பஸ்ஸு லேட்டுன்னா சண்ட. அன்னிக்கு வார்டுல என்னிய போன்னு கத்தனாரு பாருங்க, அப்பவே எனுக்குத் தெரிஞ்சுபோச்சு சார், ஆளு திரும்பி வந்துகினு கீறாருன்னு. அந்த சந்தோஷத்துலதான் மறுநாளும் தூக்க எடுத்துகினு வந்தேன்."

"நான் எங்க சண்ட போட்டேன்? இன்னா பேசற நீ? உப்பு அன்னிக்கு வாயிலயே வெக்க முடியல. கேக்கக்கூடாதா? அத்த வந்து டாக்டராண்ட சொல்வியா?" என்றேன்.

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனாவைத் திறந்து என் அட்டையில் ஏதோ எழுதத் தொடங்கினார்.